பேண்ட் எழுத்துக் குழப்பம்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

எட்டு அடி டிஷ், புது எல்என்பி (டிஷ் குவிக்கும் சிக்னலை வாங்கிப் பெருக்கிக் கேபிளில் இறக்கும் கருவி), புது கேபிள். செட் டாப் பாக்ஸில் ஸ்ட்ரெங்த் எழுபதைத் தொடுகிறது, குவாலிட்டி பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. காலையிலிருந்து டிஷ்ஷை அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டிருந்த பையன் மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். நான் டிஷ்ஷைத் தொடவில்லை. ரிமோட்டை வாங்கி மெனுவுக்குள் போனேன். எல்என்பி வகை என்ற இடத்தில் 'யுனிவர்சல்' என்று இருந்தது. அது கேயு பேண்டுக்கான அமைப்பு (பேண்ட் என்றால் அலைவரிசைகளில் ஒரு துண்டு). மாடியில் இருந்ததோ சி பேண்ட் எல்என்பி. 5150 என்று மாற்றியதும் குவாலிட்டி குதித்து மேலே ஏறியது.

டிஷ் வேலையில் நான் பார்க்கும் கோளாறுகளில் பல இந்த ரகம்தான். உடைந்த பொருள் எதுவும் இருக்காது. ஒருவர் சொன்ன எழுத்தை இன்னொருவர் வேறாகப் புரிந்துகொண்டிருப்பார். எல், எஸ், சி, எக்ஸ், கே என்ற எழுத்துகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரேடார் செய்தவர்கள் எதிரிக்குப் புரியக் கூடாது என்று புழங்கிய ரகசியப் பெயர்கள். வரிசையாக இல்லாததற்கும் அதுதான் காரணம். போர் முடிந்த பிறகும் பழக்கம் விடவில்லை. மின் பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ, 1976-ல் 521 என்ற எண்ணுள்ள தரவரையறையில் அவற்றுக்கு எல்லை கட்டியது: எல் 1–2 கிகாஹெர்ட்ஸ், எஸ் 2–4, சி 4–8, எக்ஸ் 8–12, கேயு 12–18, கே 18–27, கேஏ 27–40.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மாடிக்குப் போனால் முதல் படியிலேயே இடறும். செயற்கைக்கோள் தொழிலில் 'சி பேண்ட்' இறங்கு அலைவரிசை (செயற்கைக்கோளிலிருந்து கீழே வருவது) என்றால் வழக்கமாக 3.7 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ். அதில் பெரும்பகுதி ஐஇஇஇ கணக்குப்படி எஸ் பேண்ட். 'கேயு பேண்ட்' இறங்கு அலைவரிசை 10.7-ல் தொடங்குகிறது. 12 வரை அது எக்ஸ் பேண்டுக்குள் கிடக்கிறது. யாரும் தப்புச் செய்யவில்லை, அவரவர் தொழிலுக்கு அவரவர் வழக்கு. எழுத்து செல்லப்பெயர் மாதிரி, எண்தான் விலாசம். கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: எழுத்தை அடித்துவிட்டு மெகாஹெர்ட்ஸில் எண்ணை எழுதுங்கள்.

ஸ்ட்ரெங்த் இருக்கிறது, குவாலிட்டி பூஜ்யம்

ஸ்ட்ரெங்த் என்பது கேபிள் வழியே ஏதோ வருகிறது என்பதற்கு மட்டும் சாட்சி. எல்என்பிக்கு மின்சாரம் போனாலே அதன் சொந்த இரைச்சல் பெருகி வந்து அந்தக் கோட்டை நிரப்பிவிடும். டிஷ் சுவரைப் பார்த்தபடி இருந்தாலும் ஐம்பது காட்டும் பாக்ஸ்களைப் பார்த்திருக்கிறேன். குவாலிட்டி வர வேண்டுமென்றால் பாக்ஸ் சரியான இடத்தில் தேட வேண்டும்.

எங்கே தேடுகிறது? எல்என்பிக்குள் ஒரு லோக்கல் ஆசிலேட்டர் இருக்கிறது, சுருக்கமாக எல்ஓ. வானிலிருந்து வரும் அலைவரிசைக்கும் எல்ஓவுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேபிளில் இறங்குகிறது. பாக்ஸ் வாங்கிக்கொள்வது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டிடி ஃப்ரீ டிஷ் சேனல்கள் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 வழியாகக் கேயு பேண்டில் வருகின்றன. 11090 என்ற அலைவரிசையை எடுத்துக்கொள்வோம். எல்ஓ 9750 என்றால் கேபிளில் 1340. பாக்ஸுக்குப் பிடித்த எண். அதே பாக்ஸில் யாராவது 5150 என்று வைத்துவிட்டால் 5940-ல் தேடச் சொன்னதாகிறது. அப்படி ஒரு அலை கேபிளில் வரவே வராது. எத்தனை மணி நேரம் டிஷ்ஷைத் திருப்பினாலும் பலனில்லை.

ஆகவே டிஷ்ஷின் போல்ட்டில் ஸ்பேனரை வைக்கும் முன் எல்என்பியின் ஸ்டிக்கரைத் துடைத்துப் படியுங்கள். வெயிலில் எழுத்து மங்கியிருந்தால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் பெரும்பாலும் தெரிந்துவிடும். 5150 என்றால் சி. 9750/10600 என்றால் கேயு யுனிவர்சல். அந்த எண்ணையே பாக்ஸ் மெனுவில் கையால் போடுங்கள். மெனுவில் 'சி பேண்ட்', 'கேயு பேண்ட்' என்று எழுத்தாகத் தேர்வு கொடுக்கும் பாக்ஸ்களும் உண்டு. அந்த எழுத்தின் பின்னால் என்ன எண் ஒளிந்திருக்கிறது என்று பார்க்காமல் நம்ப வேண்டாம்.

சேனல் வருகிறது, அலைவரிசை எண் மட்டும் தப்பு

பிளைண்ட் ஸ்கேன் (எண் கொடுக்காமல் பாக்ஸே தேடுவது) போட்டால் சேனல்கள் கிடைக்கின்றன. படமும் சுத்தம். ஆனால் பட்டியலில் 12500 என்று இருக்க வேண்டியது 12350 என்று வருகிறது. ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸ் வித்தியாசம் எல்லா எல்என்பியிலும் உண்டு, விட்டுவிடலாம். எல்லாச் சேனலும் ஒரே அளவு தள்ளி நின்றால் எல்ஓ எண் பொருந்தவில்லை என்று பொருள்.

தள்ளியிருக்கும் அளவே துப்பு. கேயு பேண்டில் ஒற்றை எல்ஓ கொண்ட 10750 எல்என்பிகளும் புழக்கத்தில் இருக்கின்றன. 12500-லிருந்து 10750 போனால் 1750. எல்என்பி 10600 என்று நினைத்துக்கொண்டிருக்கும் பாக்ஸ், 1750-உடன் 10600-ஐக் கூட்டி 12350 என்று எழுதுகிறது. 150 தள்ளினால் 150 மாற்றுங்கள், முடிந்தது.

பாதிச் சேனல்தான் வருகிறது

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். கேயு யுனிவர்சலில் 11700-க்கு மேலே உள்ளவை மட்டும் இல்லை என்றால் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் எல்என்பிக்குப் போகவில்லை. 11700 வரை 9750-ம், அதற்கு மேல் 10600-ம் வேலை செய்ய வேண்டும். மாற்றிவிடுவது அந்த டோன்தான். மெனுவில் 22கே 'ஆட்டோ' ஆக இருக்கட்டும்.

சி டிஷ் ஒன்று, கேயு டிஷ் ஒன்று என்று இரண்டையும் ஒரே கேபிளில் இறக்குபவர்கள் 22கே சுவிட்சைப் போட்டுவிடுவார்கள். யுனிவர்சல் எல்என்பியும் அதே டோனைத்தான் கேட்கிறது. பாக்ஸ் மேல் பாதிக்குப் போக டோன் அனுப்பினால் சுவிட்ச் அடுத்த டிஷ்ஷுக்குத் தாவிவிடும். அந்த இடத்தில் டைசெக் சுவிட்ச் (பாக்ஸ் அனுப்பும் கட்டளையைக் கேட்டு மாறுவது) போடுங்கள்.

மூன்றாவது, சி பேண்டில் 5150/5750 என்று இரண்டு எண் அச்சிட்ட எல்என்பி. ஒரு போலரைசேஷன் (அலை அதிரும் திசை) 950–1450-லும் மற்றது 1550–2050-லும் ஒரே கேபிளில் ஏறி வரும். பாக்ஸில் 5150 மட்டும் வைத்தால் ஒரு பாதி காணாமல் போவது நியாயம்தான். 'சி பேண்ட்' என்று கேட்டு வாங்கினோம், 'சி பேண்ட்' என்றுதான் கொடுத்தார்கள், ஆனாலும் உள்ளே இருந்தது வேறு கணக்கு.

பக்கத்தில் 5ஜி டவர் வந்த பிறகு சி பேண்ட் மொத்தமும் உடைகிறது

கேபிள் ஹெட் எண்ட் (சேனல்களைத் திரட்டி ஊருக்கு அனுப்பும் இடம்) வைத்திருப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். இந்த ஒன்றில் பணமும் தூக்கமும் சேர்ந்து போகும்.

இந்தியாவில் 2022 ஏலத்தில் 5ஜிக்குக் கொடுத்த முக்கியமான துண்டு 3300 முதல் 3670 மெகாஹெர்ட்ஸ். நம் டிஷ் கேட்பது 3700-லிருந்து. நடுவே வெறும் 30 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல் மூச்சுக்காற்று மாதிரி மெல்லியது. இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் டவர் காதுக்குள் கத்துகிறது. பழைய எல்என்பிகள் பல 3400–4200 முழுவதையும் திறந்த வாயோடு வாங்குபவை. முதல் ஆம்ப்ளிஃபயரே திணறிப்போகிறது. அதனால்தான் 3700-க்கு அருகில் உள்ள சேனல் மட்டுமல்ல, 4150-ல் இருப்பதும் சேர்ந்து உடைகிறது.

உறுதிப்படுத்த ஸ்பெக்ட்ரம் மீட்டரைக் கேபிளில் மாட்டுங்கள். சி பேண்டில் எல்ஓ மேலே இருப்பதால் எல்லாம் தலைகீழாக வரும்: 4200 என்பது 950-ல், 3700 என்பது 1450-ல். அதற்கு வலது பக்கம் பாருங்கள். 3670 வந்து விழும் இடம் 1480, 3300 வந்து விழும் இடம் 1850. அந்த 1480–1850-க்குள் தட்டையான தலையோடு ஒரு மேடு எழும்பி நின்றால் அது 5ஜி. செயற்கைக்கோள் சிக்னல்கள் அதன் பக்கத்தில் புல் மாதிரி குட்டையாகத் தெரியும். அந்தப் படத்தைச் சேமித்து வையுங்கள், புகார் கொடுக்கும்போது உதவும்.

பில்டரை எங்கே போடுவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கேபிளில், பாக்ஸுக்கு முன்னால் போட்டால் பிரயோசனமில்லை. கெட்டது எல்என்பிக்குள்ளேயே நடந்து முடிந்துவிட்டது. ஃபீட் ஹார்னுக்கும் (டிஷ் குவிக்கும் அலையை உள்வாங்கும் வாய்) எல்என்பிக்கும் நடுவே, ஃபிளாஞ்சோடு ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) சேர்த்து முறுக்கும் உலோகக் குழாய் பில்டர்தான் வேலைக்கு ஆகும். ஹார்னும் எல்என்பியும் ஒரே வார்ப்பாக வரும் மாடலில் அதை நடுவே நுழைக்க முடியாது. அங்கே பில்டர் உள்ளேயே வைத்த எல்என்பிக்கு மாற வேண்டும், அல்லது ஹார்ன் தனி, எல்என்பி தனி என்று வாங்க வேண்டும்.

வாங்கும்போது ஒரு பள்ளம் இருக்கிறது. அமெரிக்காவில் 'சி பேண்ட் 5ஜி' என்றால் 3.7 முதல் 3.98 கிகாஹெர்ட்ஸ். 2022 ஜனவரியில் விமானங்களின் உயரமானி பாதிக்கப்படுமோ என்று அங்கே பெரிய வாக்குவாதம் நடந்தது இந்தத் துண்டைப் பற்றித்தான், உயரமானி வேலை செய்வது 4.2–4.4-ல். அங்கே செயற்கைக்கோள்காரர்களை 4.0-க்கு மேலே நகர்த்திவிட்டார்கள். ஆகவே அந்தச் சந்தைக்காகச் செய்த பில்டர் 4000–4200-ஐ மட்டும் உள்ளே விடும். இணையத்தில் 'சி பேண்ட் 5ஜி பில்டர்' என்று தேடி அதை வரவழைத்து மாட்டினால் 5ஜி போய்விடும், கூடவே 3700–4000-ல் இருக்கும் நம் சேனல்களும் போய்விடும். நமக்கு வேண்டியது 3700–4200. எழுத்தும் ஒன்று, பெயரும் ஒன்று, பொருள் வேறு.

மழை வந்தால் போகிறது

கேயு என்றால் கனமழையில் சிறிது நேரம் போவது இயல்பு. 12 கிகாஹெர்ட்ஸில் அலை நீளம் இரண்டரை சென்டிமீட்டர். 4 கிகாஹெர்ட்ஸில் ஏழரை. அலை குட்டையாக ஆக, மழைத்துளி அதைக் கூடுதலாக விழுங்கும், சிதறடிக்கும். சி பேண்ட் அதே மழையில் பெரும்பாலும் அசையாது. அதற்காகத்தான் சேனல்களைத் திரட்டி ஊருக்கு அனுப்பும் ஹெட் எண்ட்கள் இத்தனை பெரிய டிஷ்ஷை இன்னும் சுமக்கின்றன.

கேட்க வேண்டிய கேள்வி: மழை விட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பி வந்ததா? வந்தது என்றால் வெயில் நாளில் டிஷ்ஷை நுணுக்கமாகச் சரிசெய்து குவாலிட்டியைக் கூட்டினால், போகும் நேரம் குறையும். மறுநாள் காலை வரை வரவில்லை என்றால் அது மழையின் குறும்பு இல்லை. கேபிள் முனையில் இருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றி நடுக் கம்பியைப் பாருங்கள். செம்பு பளபளப்பு போய்க் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஓரடி வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் போடுங்கள். ஹார்னின் பிளாஸ்டிக் மூடியில் விரிசல் இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

கேயு, கேஏ என்று கே பிரிந்த கதையும் தண்ணீரில்தான் இருக்கிறது. போர்க் காலத்தில் 1.25 சென்டிமீட்டர் அலையில், அதாவது 24 கிகாஹெர்ட்ஸ் பக்கம், ரேடார் செய்தார்கள். 22.2 கிகாஹெர்ட்ஸ் அருகே நீராவி அலையை உறிஞ்சுவதால் ஈரக் காற்றில் அது எட்ட வேண்டிய தூரம் எட்டவில்லை. அந்தப் பகுதியை விட்டுக் கீழே ஒரு துண்டு, மேலே ஒரு துண்டு என்று ஒதுங்கினார்கள். கீழே இருப்பது கேயு, மேலே இருப்பது கேஏ.

ரேடார் படத்தில் மழைக்குப் பின்னால் வெறுமை

இது டிஷ்காரர்களுக்கு அல்ல, வடகிழக்குப் பருவத்தில் ரேடார் படத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்க்கும் எல்லோருக்கும். சென்னையில் துறைமுகப் பக்கத்து ரேடார் எஸ் பேண்ட், பத்து சென்டிமீட்டர் அலை. பள்ளிக்கரணையில் இருப்பது எக்ஸ் பேண்ட், மூன்று சென்டிமீட்டர். எக்ஸ் பேண்ட் படத்தில் அடர்ந்த சிவப்புக்குப் பின்னால் ஆப்பு வடிவில் வெறுமை தெரிந்தால், அங்கே மழை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முன்னால் நிற்கும் மழையே அலையைத் தின்றுவிட்டது. அதே நேரத்து எஸ் பேண்ட் படத்தைத் திறந்து அந்த இடத்தைப் பாருங்கள். அங்கே எதிரொலி இருந்தால் மழை இருக்கிறது. எக்ஸ் ரேடார் மட்டமானது என்று சிலர் பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. சிறிய ஆன்டெனாவை வைத்தே அருகில் உள்ள மழையை அது நுணுக்கமாகக் காட்டும்; அதன் பலவீனம் தெரிந்து படித்தால் போதும்.

சி பேண்ட் ஆம்ப்ளிஃபயர் கேட்டேன், வேறு ஏதோ வந்தது

ஹெட் எண்ட் அறைக்குள்ளேயே இரண்டு சி பேண்ட் குடியிருக்கின்றன. மாடி டிஷ்ஷின் சி பேண்ட் 4 கிகாஹெர்ட்ஸ் பக்கம். ரேக்கில் இருக்கும் ஃபைபர் ஆம்ப்ளிஃபயரின் சி பேண்ட் 1530 முதல் 1565 நானோமீட்டர் வரையிலான ஒளி, அலைவரிசையில் சொன்னால் 193 டெராஹெர்ட்ஸ் பக்கம். ஃபைபர்காரர்களுக்கு எல் பேண்டும் உண்டு, 1565–1625 நானோமீட்டர். டிஷ்காரர்களுக்கு எல் பேண்ட் என்றால் எல்என்பியிலிருந்து கேபிளில் இறங்கும் 950–2150 மெகாஹெர்ட்ஸ். போனில் ஆர்டர் சொல்லும்போது நானோமீட்டரா, மெகாஹெர்ட்ஸா என்று அலகைச் சொன்னால் திருப்பி அனுப்பும் செலவு மிஞ்சும்.

பழைய கையேட்டில் புரியாத எழுத்து

கப்பல் ரேடார், ராணுவக் கழிவில் வந்த உதிரி, பழைய ஐரோப்பியக் கையேடு ஆகியவற்றில் 'ஐ பேண்ட்', 'ஜே பேண்ட்' என்று பார்த்தால் அது நேட்டோ வரிசை. அது ஏ-யில் தொடங்கி ஒழுங்காக ஏறுகிறது: ஏ 250 மெகாஹெர்ட்ஸ் வரை, பி 500 வரை, சி 1000 வரை, டி 1–2 கிகாஹெர்ட்ஸ், இ 2–3, எஃப் 3–4, ஜி 4–6, எச் 6–8, ஐ 8–10, ஜே 10–20, கே 20–40, எல் 40–60, எம் 60–100. கப்பல் ரேடாரின் 9.4 கிகாஹெர்ட்ஸ் இதில் ஐ, ஐஇஇஇ-யில் எக்ஸ். இரண்டும் ஒரே ரேடார்தான். ஆபத்து இரண்டிலும் இருக்கும் எழுத்துகளில்: ஐஇஇஇ எல் 1–2 கிகாஹெர்ட்ஸ், நேட்டோ எல் 40–60. ஐஇஇஇ சி 4–8, நேட்டோ சி ஒரு கிகாஹெர்ட்ஸைக்கூடத் தாண்டாது. அலைக்குழாய் (அலையைக் கடத்தும் உலோகக் குழாய்) விற்பவர்களிடம் 'டி பேண்ட்' என்றால் 110–170 கிகாஹெர்ட்ஸ்.

எந்த வரிசை என்று கண்டுபிடிக்க, அதே பக்கத்தில் ஏதாவது ஒரு எண்ணையோ அலை நீளத்தையோ தேடுங்கள். மூன்று சென்டிமீட்டர் என்று எங்காவது இருந்தால் முப்பதை மூன்றால் வகுங்கள், பத்து கிகாஹெர்ட்ஸ் சுமார். எண்ணே இல்லை, குழாய் மட்டும் கையில் இருக்கிறது என்றால் உள்வாயை அளவெடுங்கள். அகலம் 22.86 மில்லிமீட்டர் என்றால் அது டபிள்யூஆர்-90, 8.2–12.4 கிகாஹெர்ட்ஸுக்கானது.

கடைக்கு எழுதும் சீட்டில் நான் இப்போது எழுத்தே போடுவதில்லை. கடைசியாக அனுப்பியது இப்படி இருந்தது: "எல்என்பி ஒன்று. உள்ளே 3700–4200 மெகாஹெர்ட்ஸ் மட்டும். எல்ஓ 5150. பில்டர் உள்ளேயே இருக்க வேண்டும். ஹார்ன் தனி." கடைக்காரர் திருப்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், ஃபிளாஞ்சில் எத்தனை ஓட்டை என்று.